சிறுநீரில் மண்டெலிக் அசிட் பார்க்கிற லாப் இலங்கையில எங்க இருக்கு?

திருகோணமலையில பைபர் போட் செய்யிற ஒரு சின்ன யார்ட். ஆறு பேர் வேலை. நாங்க பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசினில கிட்டத்தட்ட 40 வீதம் ஸ்டைரீன் எண்ட ஆவியாகிற திரவம். 2018இல சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை 2ஏ பிரிவில, அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில சேர்த்தது. வாடைக்காற்று மழைக்குத் தறப்பாள் இழுத்து மூடினா, பின்னேரம் போட்டின்ர உள்பக்கம் கண்ணாடி நார் மாட் ஒட்டுற ஆக்களுக்குத் தலைச்சுத்து, கண் எரிவு.

கூரையில எக்ஸோஸ்ட் பேன் போட்டும் சரிவரல்ல. ஸ்டைரீன் ஆவி காற்றை விடப் பாரம், போட்டுக்குள்ளயே தேங்கி நிக்குது. இப்ப டக்ட் குழாயை அடிப்பக்கம் இறக்கி இழுக்கிறம், பரவாயில்ல. என்95 தூசியைத்தான் மறிக்கும், ஆவியை இல்ல. அதால ஆவியை உறிஞ்சுற ஏ2பி2 காட்ரிஜ் மாஸ்க். (வேலை முடிய அதைக் காத்துப்புகாத பையில வைக்காட்டி சும்மாவே நிரம்பிப்போகும்.)

எல்லாருக்கும் எப்பிசி (இரத்தக் கல எண்ணிக்கை), ஈரல் டெஸ்ட் எடுத்தாச்சு, நோர்மல். ஆனா உடம்புக்குள்ள எவ்வளவு ஸ்டைரீன் போகுது எண்டு அது சொல்லாது. அதுக்கு, ஸ்டைரீன் உடம்புக்குள்ள மாறிச் சிறுநீரில வாற மண்டெலிக் அசிட், பினைல்கிளையொக்சிலிக் அசிட் ரெண்டையும், சிறுநீர் எவ்வளவு ஐதாக இருக்கு எண்டு காட்டுற கிரியட்டினினோட சேர்த்துப் பார்க்கணும். கேட்ட லாப் எல்லாம் கைவிரிச்சிட்டு. மாதிரி வேலை முடிஞ்ச உடன எடுக்கணும், முதல்நாள் சாராயம் கூடாது. ரெண்டாவது அசிட் வெளிச்சூட்டில கெட்டுப்போகும், ஐஸில அனுப்பத் தயார்.

இந்த டெஸ்டை இலங்கையில எந்த லாப் செய்யுது?