ரோமானியர்கள் கடவுள்களைக் காப்பியடித்தார்களா?

நாடோடி: கிரேக்க ஜீயஸ் என்றால் ரோமில் ஜூபிடர், ஹீரா என்றால் ஜூனோ, போர்க்கடவுள் ஏரிஸ் என்றால் மார்ஸ். வினாடி வினாவுக்காக எல்லாரும் மனப்பாடம் செய்த பட்டியல்தான். கிரேக்கச் சரக்கைச் சுருட்டி ரோமில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கரிசல்காட்டான்: வந்தாச்சு. மார்ஸையே எடுத்துக்குவோம். டிராய் போரைப் பாடுற கிரேக்கக் காவியம் இலியட்ல டயோமீடிஸ்னு ஒரு மனுஷன் கையால ஈட்டிக்குத்து வாங்கி, அலறிக்கிட்டு கடவுள்கள் வாழற ஒலிம்பஸ் மலைக்கு ஓடுறார் ஏரிஸ். அப்பன் ஜீயஸ் என்ன சொல்றார்? 'இங்க இருக்கிறவங்கள்லயே உன்னைத்தான் எனக்கு அறவே பிடிக்காது'ங்கிறார். இந்தப் பக்கம் மார்ஸ், ரோமை நிறுவின ரோமுலஸுக்கே தகப்பன். ரோமானியரோட பழைய ஆண்டுல முதல் மாசமான மார்ச்சே அவர் பேர்லதான். ரோமானிய எழுத்தாளர் கேட்டோவோட வேளாண்மை நூலைப் பாருங்க: பன்றி, செம்மறி, காளை மூணையும் நிலத்தைச் சுத்தி ஓட்டிப் பலி கொடுத்து, பயிரையும் கால்நடையையும் காப்பாத்தச் சொல்லி மார்ஸ்கிட்டதான் வேண்டுறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா?

நாடோடி: ஒருவரை வைத்துக் கணக்கை முடிக்காதீர்கள். கி.மு. 217இல் டிராசிமீன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோமானியப் படை அழிந்ததும், ரோமில் 12 கடவுள்களை ஆறு சோடிகளாக மஞ்சங்களில் அமர்த்தி விருந்து படைத்தார்கள். ஏதென்ஸுக்காகப் போட்டியிட்ட போசைடன், அதீனா போல நெப்டியூனும் மினர்வாவும் ஒரு சோடி. கள்ளக்காதலர்கள் ஏரிஸ், அப்ரோடைட்டி போல மார்ஸும் வீனஸும் இன்னொரு சோடி. இவர்களைச் சோடி சேர்த்தது எந்த ஊர்க் கதை?

மின்மினி: ஆனா வெளியிலேருந்து கூட்டிட்டு வந்தப்ப அவங்க மறைக்கவே இல்லையே! கொள்ளைநோய்க்கு வேண்டிக்கிட்டு அப்பல்லோவுக்குக் கி.மு. 431ல கோயில் எழுப்பினாங்க. பேரைக்கூட மாத்தலை. வாசல்களோட ரெட்டைமுகக் கடவுள் ஜேனஸுக்கு நிகரா கிரேக்கத்துல யாருமில்லைன்னு ரோமானியக் கவிஞர் ஓவிட்டே எழுதியிருக்கார்.

நாடோடி: ஜேனஸைக் கூப்பிடாமல் இந்த வழக்கு எங்கேயும் நடந்ததில்லை :) கோயில் இருக்கட்டும், கதை எங்கே? கதை சொல்ல உட்கார்ந்தால் அதே ஓவிட் கிரேக்கத்துக்குத்தான் ஓடுகிறார்.

கரிசல்காட்டான்: கதை இல்லேன்னா சாமி இல்லையா? ரோமானியனுக்குச் சடங்குதான் சாமி. ஜூபிடரோட தலைமைப் பூசாரி குதிரை ஏறக்கூடாது, பிணத்தைத் தொடக்கூடாது, மொச்சை இனப் பயறைத் தொடறதென்ன, பேரையே சொல்லக்கூடாது! அடுப்புத்தீயோட தெய்வம் ஹெஸ்டியாவுக்குக் கிரேக்கத்துல கதையே சொற்பம். அவளுக்கு இணைன்னு நீங்க சொல்ற வெஸ்டாவோட நெருப்பை 30 வருஷம் கன்னி விரதம் இருந்த பெண்கள் காத்தாங்க. இதை எங்கேருந்து காப்பியடிச்சாங்களாம்?

மின்மினி: சரி, இதுக்குச் சொல்லுங்க. சீசரைக் கொன்னவங்களைப் பழிவாங்கினதுக்காக அவரோட தத்துப்பிள்ளை அகஸ்டஸ் கி.மு. 2ல 'பழிவாங்கும் மார்ஸ்'க்குக் கோயில் திறந்தார். பக்கத்துலயே வீனஸ். மார்ஸ் ரோமுலஸோட அப்பா, வீனஸ் சீசர் குடும்பத்து மூதாதை. அந்த உறவுக்கு ஆதாரம் அவ மகன் ஈனியஸ், இலியட்ல வர்ற டிராய் வீரன். இது யார் கணக்குல?

நாடோடி: என் கணக்கில்.

கரிசல்காட்டான்: கோயில் என் கணக்கு. பாட்டியை நீங்களே வெச்சுக்கோங்க.