ஹீலிக்ஸ் மேடையில் மங்குகிறது: கேபினெட் வாங்கவா, ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கவா?

வடபழனி லீட்:
வணக்கம். மெல்லிசைக் குழுவில் லீட் வாசிக்கிறேன். பெரும்பாலும் சென்னை கல்யாண மண்டபங்கள். கையில் லைன் 6 ஹீலிக்ஸ் எல்டி (ஆம்ப், எஃபெக்ட் சத்தங்களை டிஜிட்டலாக உருவாக்கும் கிட்டார் ப்ராசசர்). ஹெட்போனில் அருமையாக இருக்கும் டிஸ்டார்ஷன், சவுண்ட் சர்வீஸ்காரர் வைக்கும் கிட்டார் ஆம்ப்பில் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்தால் சோலோ காணாமல் போகிறது. சொந்தமாக வாங்கலாம் என்றிருக்கிறேன். பவர் ஆம்ப்பும் 12 அங்குல கிட்டார் கேபினெட்டுமா, உள்ளேயே பவர் ஆம்ப் இருக்கும், அடியிலிருந்து உச்சம் வரை எல்லாச் சத்தமும் வரும் ஃபுல் ரேஞ்ச் ஆக்டிவ் ஸ்பீக்கரா?

பெரம்பூர் பேஸ்:
தம்பி, ஆம்ப்பின் முன்பக்க இன்புட்டிலா செருகுகிறீர்கள்? பேட்சில் (ஹீலிக்ஸில் சேமித்த சத்த அமைப்பில்) கேப் பிளாக், அதாவது கிட்டார் கேபினெட்டின் சத்தத்தைப் போலச் செய்யும் பகுதி, ஆனில் இருக்கிறதா?

வடபழனி லீட்:
ஆமாம் அண்ணா, இரண்டும்.

பெரம்பூர் பேஸ்:
அங்கேதான் சிக்கல். கிட்டார் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் சட்டென்று இறங்கிவிடும். கேப் பிளாக் செய்வதும் அதைத்தான். இரண்டு முறை வடிகட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? போதாததற்கு அந்த ஆம்ப்பின் முதல் கட்டமான ப்ரீஆம்ப் வேறு தன் நிறத்தை ஏற்றுகிறது. கேபிளைப் பின்பக்கம் எஃப்எக்ஸ் ரிட்டர்னில் (ப்ரீஆம்ப்பைத் தாண்டி நேராகப் பவர் ஆம்ப்புக்குப் போகும் இன்புட்) செருகி, கேப் பிளாக்கை அணைத்துப் பாருங்கள். ஹீலிக்ஸ் வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள். சில ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் ரிட்டர்னைக் கட்டுப்படுத்தாது, முழுச் சத்தத்தில் பாயும்.

வாங்குவதென்றால் ஆக்டிவ் ஸ்பீக்கர்தான் என் ஓட்டு. மண்டபத்தில் ஜனங்கள் கேட்பது மெயின் ஸ்பீக்கரை. கேப் பிளாக் ஆனில் வைத்து ஹீலிக்ஸின் எக்ஸ்எல்ஆர் அவுட்டை மிக்சருக்கும், அதே சத்தத்தை உங்கள் ஸ்பீக்கருக்கும் கொடுத்தால், அவர்கள் கேட்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். அக்கூஸ்டிக் பேட்சும் அதில் சுத்தமாக வரும். கிட்டார் கேபினெட்டில் அது எடுபடாது.

அடையாறு ரிதம்:
எனக்குக் கேபினெட்தான் பிடிக்கும். பின்னாலிருந்து காற்று வந்து மோதுவதும், சுரம் நீண்டு நிற்பதும் தனிச் சுகம். ஹீலிக்ஸில் கேப்புக்கு முன்னாலேயே பாதையைப் பிரித்து, ஒன்றைக் கேபினெட்டுக்கும் கேப் உள்ளதை மிக்சருக்கும் அனுப்பலாம்.

எதை வாங்கினாலும் பேட்சை மேடைச் சத்தத்தில் திருத்துங்கள். சத்தம் கூடினால் பேஸும் ட்ரெபிளும் காதில் தூக்கலாகக் கேட்கும்; ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து சொன்னது. அடிச் சத்தத்தை வெட்டும் லோ கட் 100 ஹெர்ட்ஸ் பக்கம், உச்சச் சத்தத்தை வெட்டும் ஹை கட் 6,000 பக்கம் வைத்துத் தொடங்குங்கள்.

வடபழனி லீட்:
ரிகர்சலில் ரிட்டர்னில் போட்டுப் பார்த்தேன், சோலோ முன்னால் வந்து நிற்கிறது! ஆக்டிவ் ஸ்பீக்கரே வாங்கிவிடுகிறேன். அப்புறம், மிக்சருக்கும் ஆம்ப்புக்கும் சேர்த்துக் கொடுத்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருகிறதே?

பெரம்பூர் பேஸ்:
எர்த் லூப்: மிக்சரும் ஆம்ப்பும் தனித்தனியாக எர்த் ஆகி, கேபிள் வழியே ஒரு வளையம் உண்டாகிறது. மிக்சர் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்சருக்கும் இடையே வைக்கும் சிறு பெட்டி) போட்டு, ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். சிலர் கரண்ட் ப்ளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கும்போது ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.