‘ஃபீட் ரேட் ரேஷியோ’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டியின் கழிவுநீரையே உரமாக்கிப் பயிர் வளர்க்கும் முறை) காய்கறி விளைச்சலைப் பற்றி எழுதும்போது இதைத் ‘தீவன விகிதம்’ என்றே போட்டுவருகிறோம். மீன் வளர்ப்போர் அதைத் தீவன மாற்று விகிதமாகப் படிக்கிறார்கள். மீன் ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்கிற கணக்கு அது. நாம் சொல்வது, ஒரு சதுர மீட்டர் பாத்திக்கென நாள்தோறும் மீனுக்கு இடும் தீவனத்தை. கீரை வகைக்கு 40–50 கிராம், காய்ப்பயிருக்கு 50–80 கிராம். 10 சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு 400–500 கிராம்; மீன் நாளொன்றுக்குத் தன் எடையில் 2% தின்றால் தொட்டியில் 20–25 கிலோ மீன் இருக்கவேண்டும். அலகோடு வருவதால் விகிதம் என்பதே பிழை, வீதம்தான். ‘பாத்தித் தீவன வீதம்’ எனலாமா?

> பாத்தித் தீவன வீதம் எனலாமா?

வீதம் சரி. ‘பாத்தித் தீவனம்’ வேண்டாம், தீவனத்தைப் பாத்தியில் தூவச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. தூவினால் வேரடியில் அழுகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். ‘பரப்புத் தீவன வீதம்’ என்றால் எதற்கு எவ்வளவு என்பது சொல்லிலேயே இருக்கிறது. அகராதி விளக்கத்தில் தீவனத்தின் புரத அளவையும் குறிக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள எண்கள் சுமார் 32% புரதத் தீவனத்துக்கானவை. புரதம் கூடினால் மீன் கழிவால் நீரில் சேரும் அம்மோனியாவும் கூடும்.

> பரப்புத் தீவன வீதம்

ஏற்கிறேன். ஆனால் விளைச்சல் குறைந்தால் உடனே வீதத்தை ஏற்றுகிறார்கள், அதையும் பதிவில் எச்சரிக்கவேண்டும். அடியிலைகள் மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. வீதத்தைச் சிறிதுசிறிதாக ஏற்றலாம், அம்மோனியாவை நாள்தோறும் அளந்துகொண்டு. தளிரிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. தீவனத்தில் இரும்பு சொற்பம். எவ்வளவு கொட்டினாலும் தீராது. டிடிபிஏ கொடுக்கிணைப்பு இரும்பை (நீரில் கரைந்தே நிற்கும்படி டிடிபிஏ என்னும் சேர்மத்தோடு பிணைத்த இரும்பு, ‘கீலேட்’) லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேரும்படி மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைக்கவேண்டும். நீரின் பிஎச் (அமில-காரநிலை அளவு) 7.5-ஐத் தாண்டினால் அதுவும் கரைந்து நிற்காது.

அகராதிப் பதிவு இப்படி:

பரப்புத் தீவன வீதம் (பெ.) – மீன்–பயிர் கூட்டமைப்பில், பயிர்ப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் மீனுக்கு இடும் தீவனம். அலகு: கிராம்/ச.மீ./நாள். புரத அளவையும் பயிர் வகையையும் உடன் குறிக்க.