கடலூரில் ஏர் பெட் (படுக்கைப்புண்ணைத் தடுக்க உதவும் காற்று மெத்தை) வாடகைக்குக் கிடைக்குமா?

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். பக்கவாதம் வந்து அப்பா மூன்று வாரமாகப் படுத்த படுக்கை. நேற்று உடம்பு துடைக்கும்போது பார்த்தால், வால் எலும்பு மேட்டில் ஐந்து ரூபாய் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுக்கவே இல்லை. படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்கும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார். நல்லவேளை, தோல் உரியவில்லை. நாளை டாக்டரிடம் காட்டுகிறோம்.

இப்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுகிறோம். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. மாமா தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்கிறார். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்தசைதான் இன்னும் கெடும் என்று சொல்லிவிட்டேன் (அவருக்குக் கோபம்). யூரின் பை தரையில் படாமல், இடுப்புக்குக் கீழேதான் தொங்குகிறது. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். ஆனால் இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் மதியத்துக்குள் வேட்டி, விரிப்பு எல்லாம் வியர்வையில் நனைந்துவிடுகிறது.

ஏர் பெட் மாத வாடகைக்கு எங்கே கிடைக்கும்? மஞ்சக்குப்பம் பக்கம் என்றால் வசதி, புதுச்சேரி என்றாலும் போய் எடுத்து வருவேன். அப்புறம், இரவில் நான் ஒருத்திதான். 70 கிலோ ஆளைத் தோல் உரசாமல் தனியாகப் புரட்டுவது எப்படி? விரிப்பைப் பிடித்து இழுத்தால் சரியாக வரவில்லை. வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்களேன்.