மறுமொழி: 'பிறவிச் சாகஸ் நோய்' – 'பிறவி' சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். தாயிடமிருந்து கருவிலேயே குழந்தைக்குத் தொற்றும் சாகஸ் நோய்க்கு (congenital Chagas) என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துக்கு என் மறுமொழி இது.

> அகராதிகளில் 'பிறவி' ஏற்கெனவே இருக்கிறது. பிறவி இதயக் குறைபாடு என்கிறோம். அதுபோல 'பிறவிச் சாகஸ் நோய்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, இதயக் குறைபாட்டுக்கு அந்தச் சொல் பொருந்தும். தொற்றுக்குப் பொருந்தாது என்பதுதான் என் கவலை. 'பிறவியிலேயே அப்படி' என்று யாராவது சொன்னால் நம் ஊரில் பேச்சு அத்தோடு முடிந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இந்த நோயில் நிலைமை நேர்மாறு. இந்த நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசி ஒட்டுண்ணி தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்கு முதல் வயதுக்குள் பென்ஸ்னிடசோல் மருந்து கொடுத்தால் 100-க்கு 90 குழந்தைகளுக்கு மேல் குணமாகிவிடுகிறது. குணமாகும் நோய்க்கு ஆயுள் தண்டனை போல ஒலிக்கும் பெயர் ஏன்?

நான் எழுதிவரும் கட்டுரையே இந்த நோயின் ஆய்வுப்போக்கு பற்றியதுதான். 1909-இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் இதைக் கண்டறிந்த நாளிலிருந்து ஆய்வின் பெரும்பகுதி ஒட்டுண்ணியைப் பரப்பும் பூச்சியைச் சுற்றியே நடந்தது. மண்சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் பூச்சி அது. 1991-க்குப் பிறகு தென் அமெரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்து வீடுவீடாக மருந்தடித்தன. பல இடங்களில் பூச்சி ஒழிந்தது. தாய்வழியாக வரும் தொற்று மட்டும் தொடர்ந்தது. தொற்றுள்ள தாய்மார் 100 பேரில் ஏறக்குறைய 5 பேரின் குழந்தைகளுக்கு அது போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2010 மதிப்பீட்டின்படி லத்தீன் அமெரிக்காவில் ஆண்டுக்கு 8,600-க்கும் மேற்பட்ட குழந்தைகள்.

பெரிய இடைவெளி பரிசோதனையில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் இரத்தத்தை மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சுழற்றி, வெள்ளணுக்கள் படியும் மெல்லிய அடுக்கில் ஏதாவது நெளிகிறதா என்று நுண்ணோக்கியில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும் தொற்று நிறைய. தொற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்பொருளை (antibody) இரத்தத்தில் தேடும் சோதனை செய்யலாம் என்றால், தாயின் எதிர்பொருள் குழந்தை உடம்பில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் எட்டு மாதம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். கைக்குழந்தையோடு தொலைதூரக் கிராமத்திலிருந்து பலர் திரும்ப வருவதில்லை. ஒட்டுண்ணியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை நல்ல வழி. ஆனால் சிறிய பிரசவ மனைகளில் அதற்கு வசதி இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து அக்கா முன்வைத்த 'சூல்வித்தகவழித் தொற்று' துல்லியமானது. இலங்கைப் பாடநூல் படித்தவர்களுக்கு உடனே புரியும். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சூல்வித்தகத்தை நஞ்சுக்கொடி என்றால்தான் தெரியும். 'நஞ்சுக்கொடிவழி' என்று எழுதினால் நஞ்சு என்ற சொல்லே தாயை மிரட்டிவிடும். 'பரம்பரை' அறவே கூடாது, இது மரபணுவில் வருவதில்லை. 'தாய்வழி' என்பதைப் பேச்சுப்போக்கில் நானே மேலே எழுதிவிட்டேன். ஆனால் தாய்வழிப் பாட்டி, தாய்வழிச் சொத்து என்று அது வம்சத்தின் பக்கம் இழுக்கிறது. கலைச்சொல்லாக வேண்டாம்.

என் பரிந்துரை: கருவழித் தொற்று. கருவில் இருக்கும்போதே தொற்றியது என்பது இதில் நேராக வருகிறது. கருவழிச் சாகஸ், கருவழிச் சிபிலிஸ், கருவழி ரூபெல்லா என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடங்கல் இல்லை. பிரசவத்தின்போதும் தாய்ப்பாலிலும் பரவும் எச்ஐவிக்கு மட்டும் 'தாய்-சேய்ப் பரவல்' என்ற அகன்ற சொல் தேவை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

இன்னொரு சொல்லும் முட்டுகிறது. எட்டாம் மாதச் சோதனைக்கு வராமல் போன குழந்தைகளை ஆய்வாளர்கள் தனிப் பட்டியலாக்குகிறார்கள். 'தொடர்பு விட்டவர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். விட்டது அந்தத் தாய்தான் என்று தொனிக்கிறதோ என்று உறுத்துகிறது. 'தொடர்பு விடுபட்டவர்கள்' என்றால் சரியாகுமா?