வெளிநாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறீர்களா? உங்கள் பள்ளிக்கூடத்துக் கதையை எழுதுங்கள்

ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சர் வேலை எப்படி என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். பதில் சொல்கிறவர்கள் சம்பளத்தையும் விசாவையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் பள்ளிக்குள் நுழைந்தால் சாயங்காலம் வரை என்னதான் நடக்கிறது என்பதை நான் எழுதுகிறேன். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இப்போது இருப்பது தோயாமா மாகாணம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தாத்தேயாமா மலை, குளிர்காலம் முழுக்கப் பனி. இங்கே என் வேலைக்கு ஏ.எல்.டி. என்று பெயர், உதவி மொழி ஆசிரியர். ஒரே பள்ளியில் உட்கார முடியாது. திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொன்று என்று சுற்றவேண்டும். வகுப்புக்குப் பொறுப்பு வகுப்பாசிரியர்தான். ஆசிரியர் உரிமம் இருப்பதும் அவரிடம்தான்.

அந்த வகுப்பாசிரியரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். பெரும்பாலும் ஒரு வகுப்பின் ஆசிரியரே கணக்கு, அறிவியல், கையெழுத்து, உடற்பயிற்சி, நீச்சல் எல்லாம் எடுப்பார். 2011-ல் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷைப் பாட்டும் விளையாட்டுமாகக் கட்டாயமாக்கினார்கள். 2020 ஏப்ரலில் அதை மதிப்பீடு உள்ள முழுப் பாடமாக்கி, பாட்டையும் விளையாட்டையும் மூன்றாம் நான்காம் வகுப்புகளுக்கு இறக்கிவிட்டார்கள். சின்னவர்களுக்கு வருடத்துக்கு 35 பீரியட், பெரியவர்களுக்கு 70. பீரியட் 45 நிமிடம். இருபது முப்பது வருடமாக இங்கிலீஷே தேவைப்படாமல் வேலை பார்த்தவர்களின் தலையில் இது வந்து விழுந்தது. அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

ஒரே நகரம், ஒரே புத்தகம், சொல்லித் தருவதும் நான் ஒருத்திதான். ஆனாலும் ஒரு வகுப்பில் பிள்ளைகள் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்துவார்கள், இன்னொன்றில் முணுமுணுப்புக்கூட வராது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், ஓய்வுக்குச் சில வருடங்களே பாக்கி. கல்லூரியோடு இங்கிலீஷை விட்டவர். பிறந்தநாள் பாடத்தில் முன்னால் வந்து நின்று, "மை பர்த்டே இஸ் அக்டோபர் தேர்ட்டி" என்று தைரியமாகப் போட்டார். பின்வரிசையில் டியூஷன் போகிற பையன் ஒருவன் "தேர்ட்டியத்!" என்று திருத்தினான். அவர் முகம் மாறவே இல்லை. "ஓ, தேங்க்யூ! ஒன்ஸ் மோர் ப்ளீஸ்" என்று அவனைத் திரும்பச் சொல்லவைத்து, கூடவே தானும் சொன்னார். அப்புறம் அந்த வகுப்பில் கை தூக்காத பிள்ளை இல்லை.

இன்னொரு பள்ளியில் ஓர் இளைஞர். இலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளைகள் முன்னால் வாய் திறக்க மாட்டார். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சென்செய் (டீச்சர்)" என்று கையைக் காட்டிவிட்டு, வகுப்பின் கடைசியில் நின்று ஹோம்வொர்க் திருத்துவார். வாத்தியாரே தொடப் பயப்படுகிற சங்கதியை நாம் ஏன் தொட வேண்டும் என்று பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். அப்புறம் நான் தலைகீழாக நின்றாலும் சத்தம் வராது.

அவருக்கு வழி பிறந்தது ஆசிரியர் அறையில். நான் எப்படி இங்கிலீஷ் கற்றேன் என்று ஒரு நாள் கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேச மாட்டார்கள், நானும் பள்ளியில் மனப்பாடம் செய்து, தப்புத் தப்பாகப் பேசித்தான் வந்தேன் என்றேன். மனிதருக்கு முகமே தெளிந்துவிட்டது. இந்தியாவில் எல்லோரும் பிறக்கும்போதே பேசுவோம் என்று நினைத்திருந்தாராம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூத்து நடத்தினோம். நான் பீட்சா கடைக்காரி, அவர் வாங்க வந்தவர். "நோ சீஸ்!" என்று அவர் கேட்க, நான் சீஸை அள்ளி அள்ளிப் போட, இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை அடக்குவதுதான் வேலை. அமெரிக்கர்கள் மட்டும் இருந்தால்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிற பெற்றோர் இங்கேயும் உண்டு. நானோ, கற்றுக்கொண்டு வந்தவள் பக்கத்தில் நின்றால் ஆசிரியருக்கே துணிச்சல் வரும் என்ற கட்சி.

இதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிற இடமும் உண்டு. முதலில் நான் ஒரு கம்பெனி மூலம் போனேன். நகரக் கல்விக் குழு அந்தக் கம்பெனிக்கு வேலையைக் குத்தகை விட்டிருந்தது. அந்த வகை ஒப்பந்தத்தில் பள்ளி ஆசிரியர் எனக்கு நேரடியாக உத்தரவு கொடுக்கக் கூடாது, கம்பெனிதான் கொடுக்கலாம். "இந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று பக்கத்தில் நிற்கிறவர் கேட்பதே விதிப்படி சிக்கல். இரண்டு பேர் சேர்ந்து நடத்த வேண்டிய வகுப்புக்கு இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவரை ஒரு பீரியடாவது நிற்கவைத்துப் பார்க்க ஆசை. இப்போது நகரமே நேரடியாக வேலைக்கு வைத்திருக்கிறது, நிம்மதி.

சரி, சாப்பாடு. மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே. பிள்ளைகளே வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பெரிய பாத்திரங்களைத் தூக்கி வந்து பரிமாறுவார்கள். எல்லோருக்கும் 200 மில்லி பால். நான் சைவம், அதனால் டப்பா கொண்டுபோவேன். காய்கறி சூப் என்று நம்பிக் குடிக்க முடியாது, மீன் வற்றல் போட்டுக் கொதித்த தண்ணீராக இருக்கும். புளியோதரையைத் திறந்தால் நாலு மேசை தள்ளி இருப்பவர்கள்கூடத் திரும்புவார்கள். "காரமா? காரமா?" என்று கேட்டுக் கேட்டே பக்கத்தில் வருவார்கள். ஒவ்வாமை பயம் காரணமாக ஒரு பருக்கைகூடக் கொடுக்க அனுமதி இல்லை.

ஜனவரி 22-ஐ ஜப்பானில் கறி நாள் என்பார்கள், இந்தக் கறி இறைச்சி அல்ல, 'கர்ரி' குழம்பு. 1982-ல் நாடு முழுக்கப் பள்ளிச் சாப்பாட்டில் ஒரே நாளில் கறி போடச் சொன்னதன் ஞாபகம். அன்றைக்கு நான் விஐபி. "இது உங்கள் ஊர்ச் சாப்பாடு" என்பார்கள். பார்த்தால் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து ஜப்பான்காரர்கள் இனிப்பாக்கிய கெட்டிக் குழம்பு, பெரும்பாலும் பன்றிக்கறி. விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

அதைவிடப் பெரிய காட்சி நண்டு. எங்கள் மாகாணத்து இமிசு நகரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஒரு முழுச் சிவப்பு நண்டு பள்ளிச் சாப்பாட்டில் கிடைக்கும், உள்ளூர்க் கடல் நண்டு. மேசைக்கு மேசை நண்டு, ஓடு உடைக்கிற சத்தம், நடுவில் தயிர்சாதத்தோடு நான். அன்றைக்குச் சொல்லித் தராமலே "க்ராப்" எல்லோருக்கும் வந்துவிட்டது.

இந்தியர் என்றால் கணக்கு என்று இங்கே ஓர் எண்ணம். இந்தியப் பிள்ளைகளுக்கு 19 பெருக்கல் 19 வரை மனப்பாடம் என்று எங்கேயோ படித்திருப்பார்கள். இங்கே வாய்ப்பாடு ஒன்பதோடு சரி. புதுப் பள்ளிக்குப் போனால் முதல் கேள்வியே "நைன்டீன் டைம்ஸ் நைன்டீன்?" நம் ஊரில் பதினாறு வரைதானே படித்தோம்! 361 என்று மட்டும் தயாராக வைத்திருக்கிறேன். இதுவரை 17 பெருக்கல் 18 கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெருக்கித் துடைப்பதும் பிள்ளைகள்தான். ஈரத்துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வராந்தாவில் ஓட்டப்பந்தயம். என்னையும் இழுப்பார்கள். முட்டி வலிக்கு நான் பொறுப்பல்ல என்று மட்டும் இங்கே வர நினைக்கிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். வகுப்பில் பேசாத பிள்ளைகள் அங்கேதான் பேசும்.

நிலநடுக்க ஒத்திகை அடிக்கடி உண்டு. மணி அடித்ததும் மேசைக்குக் கீழே, அப்புறம் வரிசையாக மைதானத்துக்கு. முன்பெல்லாம் மேசைக்கு அடியில் ஒன்றிரண்டு சிரிப்புச் சத்தம் கேட்கும். 2024 புத்தாண்டு அன்று பக்கத்து நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது தோயாமாவும் பலமாக ஆடியது. விடுமுறை என்பதால் எல்லோரும் வீட்டில். பள்ளி திறந்த பிறகு நடந்த ஒத்திகையில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. மேசைக்கால்களை அவர்கள் பிடித்த பிடி வேறு மாதிரி இருந்தது.

*தாய்லாந்திலிருந்து ஒருவர்:*

அக்கா, பால் 200 மில்லி இங்கேயும் உண்டு. மீதி எல்லாம் தலைகீழ். நான் கோராட் பக்கம் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல், கூடவே வெயில். காலை 8 மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம், அதற்குள் வியர்த்துவிடும். கூட வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். பொறுமைக்கு அவர்கள்தான்.

வருகைப்பதிவு எடுக்கும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிடும். நிஜப் பெயர் நீளம், ஆகவே எல்லோரையும் செல்லப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். என் மூன்றாம் வகுப்பில் ஐஸ், பேங்க், கோல்ஃப், பென்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். "பேங்க், வேர் இஸ் பென்ஸ்?" என்று கேட்டால், பாத்ரூம் போயிருக்கிறான் என்று பதில் வரும்.

நீங்கள் சொன்ன அமெரிக்கர் விஷயம் இங்கே இன்னும் மோசம். போட்டோவைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்ட ஏஜென்ட்டை நான் பார்த்திருக்கிறேன், பாட்டுப் பாடத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. பள்ளிக்குள் வந்த பிறகு அப்படி எதுவும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை வை க்ரூ நடக்கும், ஆசிரியர்களை வணங்கும் நாள். பிள்ளைகள் முழங்காலிலேயே நகர்ந்து வந்து தட்டு கொடுப்பார்கள். அதில் என்னென்ன தெரியுமா? அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ. புல் மாதிரி அறிவு படர வேண்டும், இட்லிப்பூ மொட்டு மாதிரி புத்தி கூராக இருக்க வேண்டும், கத்தரிப்பூ மாதிரி தலை குனிந்து பணிவு வேண்டும் என்று அர்த்தம் சொல்கிறார்கள். கையில் அருகம்புல்லைப் பார்த்ததும் எனக்குப் பிள்ளையார் கோயில் ஞாபகம்தான் வந்தது. முந்தின நாள் என்னைக் கதறவைத்த அதே பென்ஸ்தான் தட்டை நீட்டினான். மறுநாள் காலை மறுபடியும் மேசை மேல் ஏறி நின்றான், அது வேறு.

*கொரியாவிலிருந்து:*

சுருக்கமாக எழுதுகிறேன். கொரியாவில் 1997-லிருந்து மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் ஆரம்பம். இங்கிலீஷ் ஆசிரியர் விசா வழக்கமாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான், 2010-ல் அமலுக்கு வந்த இந்தியா–கொரியா ஒப்பந்தத்தில்தான் நமக்கும் ஒரு கதவு திறந்தது. இங்கே சிரமம் வேறு. மூன்றாம் வகுப்பு என்று போனால் பாதிப் பிள்ளைகள் தனியார் டியூஷனில் ஏற்கெனவே கதைப் புத்தகம் வாசிக்கிறவர்கள், மீதிப்பேருக்கு ஏ, பி, சி இப்போதுதான். ஒரே கேள்விக்கு ஒருத்தி கொட்டாவி விடுகிறாள், பக்கத்தில் ஒருத்தன் அழுகிறான். படித்தவளை அவன் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தரச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் வேலைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டாள்.

*யாழ்ப்பாணத்திலிருந்து:*

அக்கா, எனக்கு ஒரு கேள்வி. நான் தமிழ்மூலம் படித்து, பிறகு பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் முடித்தேன். இப்போது இங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஜப்பானுக்கு விண்ணப்பிக்க இயலுமா?

*தோயாமா:*

தம்பி, பட்டம் இருப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. இந்த ஆசிரியர் வேலைக்கான விசாவுக்கு, கற்பிக்கிற மொழியிலேயே 12 வருடம் படித்திருக்க வேண்டும் என்று விதி. பள்ளிக்கூடம் தமிழ்மூலம் என்றால் கல்லூரி வருடங்களை மட்டும் காட்டி அதை நிரப்ப முடியாது. கணவனோ மனைவியோ இங்கே வேலையில் இருந்து, அவர்களோடு குடும்ப விசாவில் வந்தால் அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் தொடங்கியது அப்படித்தான். ஆங்கிலமூலம் படித்த மற்றவர்கள், படித்த பள்ளிகளிடமிருந்து பயிற்றுமொழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், மூடிப்போன பள்ளி என்றால் அலைச்சல் அதிகம். கம்பெனி மூலம் வருகிறவர்கள் ஆகஸ்ட் மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளி லீவு என்றால் பல இடங்களில் பாதிதான் வரும், வாடகை முழுசாகப் போகும்.