ஏசும்போது வரலாம், எழுதும்போது வரக்கூடாதாம்

வெளியே பேசக்கூடாது என்று நம்மைச் சொல்லி வளர்த்த ஒன்றை எழுதிய பிறகு வீட்டில் என்ன நடந்தது, ஊர் என்ன சொன்னது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. சரி, நானே தொடங்குகிறேன். கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம், வயது 41, துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் ‘தூமை’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கிரிக்கெட் மைதானம் என்று ஆண்கள் கூடுகிற எந்த இடத்திலும் மூச்சுக்கு ஒரு தடவை வரும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மாதவிடாய் ரத்தம்தான் அது. தீட்டுப் பார்க்கிறவர்களைச் சித்தர் சிவவாக்கியர் இதே சொல்லை வைத்துத்தான் மடக்கினார். எங்கள் ஊரில் மடக்கியது மறந்துபோய், வசவு மட்டும் தங்கிவிட்டது.

எனக்கு ஆறு வருடம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. மாதத்தில் பத்து நாள். கறுப்புச் சுடிதார் மூன்று வைத்திருந்தேன், அந்தப் பத்து நாளும் அவற்றையே மாற்றி மாற்றிப் போடுவேன். ஒருநாள் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நனைந்துவிட்டது தெரிந்து, எல்லோரும் போகட்டும் என்று ஒன்பது மணிவரை எழுந்திருக்கவே இல்லை. கணக்கு முடிந்த பிறகும் பழைய பில்லைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். படி ஏறினால் காதுக்குள் இரைச்சல். இன்னொரு கிறுக்கும் பிடித்தது: பிரீசரைத் திறந்து ஐஸைச் சுரண்டிச் சுரண்டித் தின்பேன். இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஒரு முறைக்கு 30, 40 மில்லி போவது வழக்கம், 80க்கு மேல் போனால் அதிகம் என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் மனதுக்குள் டம்ளர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான்.

அதைத்தான் எழுதினேன். ‘அந்த மூன்று நாள்’, ‘வீட்டுக்குத் தூரம்’ என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் தூமை என்றே எழுதினேன். முதல் கண்டனம் என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவனிடமிருந்து வந்தது. ஒரு ஓவருக்கு ஆறு தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறவன். ‘பொம்பளைப் பிள்ளைகளும் வாசிக்கிற இடத்துல இந்த வார்த்தை தேவையா?’ என்று கேட்டிருந்தான். சிரித்து முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

வீட்டுக்காரர் இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள், “மாத்திரை தீந்தா சொல்லு” என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது. அம்மை விடவில்லை. “ஒனக்கு வேற சோலி இல்லியா பிள்ளே? எளயவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். அக்காளுக்குக் கெர்ப்பப்பைக் கோளாறுன்னா தங்கச்சிக்கும் இருக்குமோன்னு கேக்க மாட்டாவளா?” எனக்கு வெட்கம் இல்லை என்பது அவளுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. கல்யாணச் சந்தையில் தங்கையின் விலை இறங்கிவிடும், அதுதான் பயம். அதையும் தப்பு என்று என்னால் சொல்லிவிட முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீடு. போளியும் பால்பாயசமும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். பெரியம்மை பின்னாலேயே வந்து குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேசுவதற்காக.

“நீ எழுதினத மருமவ வாசிச்சுக் காட்டுனா. எனக்குப் பதினோரு வருசமா அடி எறங்கிக் கெடக்கு பிள்ளே.”

பெரியம்மைக்கு 58 வயது. முப்பது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் வேலை. வெளியூரில் முந்திரி ஆலை என்பீர்கள். தரையில் உட்கார்ந்து, தோட்டு எண்ணெய் கையைப் பொத்துவிடாமல் சாம்பல் தொட்டுத் தொட்டுக் கொட்டை தல்லும் வேலை. அந்தக் கை இப்போதும் கறுப்புதான். பிள்ளைகள் நான்கு, மூன்றாவது பிறந்து முப்பது நாள் ஆகும் முன்பே வேலைக்குத் திரும்பியவள். இறங்கிய கர்ப்பப்பையை உள்ளே தள்ளி, பெரியப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துக் கோவணம் மாதிரிக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பெரியப்பாவுக்கும் தெரியாது. வேட்டி ஒவ்வொன்றாகக் காணாமல் போவது மட்டும் தெரியும், அதற்கு வண்ணான் பெயரில் பழி.

அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஆச்சரியப்படவே இல்லை, தினமும் பார்க்கிறார் போலும். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இடுப்புக்குக் கீழுள்ள தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தே ஓரளவு சமாளித்திருக்கலாம், இப்போதைக்கு வளையம் வைப்போம், அப்புறம் வேண்டுமானால் ஆபரேஷன் என்றார். உள்ளே வைக்கிற சின்ன வளையம். சில மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துக் கழுவி மாட்டிக்கொள்ள வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றாமல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

(என் கதை: இரும்பு ஊசி, அந்த நாட்களில் மட்டும் போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை. ‘கெர்ப்பப்பைய எடுத்துப் போட்டுரு, நிம்மதி’ என்று சொல்லாத ஆள் இல்லை. எடுக்கவில்லை. ஹீமோகுளோபின் 11.2க்கு வந்துவிட்டது.)

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர்

என் அனுபவம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. அண்ணன் 2017 ஒக்கிப் புயலில் போட் கவிழ்ந்து, காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் கடலில் கிடந்து பிழைத்தவன். திரும்பி வராதவர்கள் அத்தனை பேர் இருக்கும் ஊரில், வந்தவன் வாய் திறக்க முடியாது. அடுத்த வருடம் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் போட் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வாந்தி எடுத்தான். மூன்று தடவை அப்படியே நடந்தது. கூட்டாளிகள் பொம்பளை என்றார்கள், வீட்டில் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

‘என் அண்ணனுக்குக் கடலைப் பார்த்தால் பயம்’ என்று எழுதினேன். நிறைய பேர் பாராட்டினார்கள். அண்ணன் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. “எனக்குப் பயம்னு ஊருக்குச் சொல்ல நீ யாருல?” இது பேய் இல்லை, அதிர்ச்சியால் வருகிற மனநோய், மருந்து இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதினேன். ஆனால் பயம் அவனுடையதாயிற்றே. 2022இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் வந்த பிறகு மைனிதான் (அண்ணன் மனைவி) 14416க்குப் போன் போட்டுத் தமிழில் பேசினாள், அவன் போட மாட்டான். இப்போது மீன் வண்டி ஓட்டுகிறான். பேசுகிறான், பழைய மாதிரி இல்லை.

நாகர்கோவில்

எழுதினேன். நான்கு மணி நேரத்தில் அழித்தேன். என்ன விஷயம் என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. அழித்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

விளவங்கோடு தாலுகா, பள்ளி ஆசிரியை

நான் எழுதியது என் உடம்பைப் பற்றி அல்ல, எங்கள் கொள்ளுப்பாட்டிமார் உடம்பைப் பற்றி. திருவிதாங்கூர் மகாராஜா 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மாரை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மூடக்கூடாது என்று அறிவித்தார். அதற்கு முன்னால் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மாரை மூடிய பெண்களின் துணியை மேல்சாதிக்காரர்கள் சந்தையிலும் ரோட்டிலும் கிழித்தார்கள். என் வீட்டில் யாருக்கு அது நடந்தது என்று கேட்டால் பாட்டிக்குக் கோபம் வரும். “நம்ம வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல.” எந்த வீட்டில் கேட்டாலும் இதே பதில்.

எழுதும்போதுதான் ஒன்று கவனித்தேன். சண்டை நடந்தது மார்புக்காக, நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் தோள்சீலைப் போராட்டம். நான் ‘மார்பு’ என்று எழுதியதற்குப் பள்ளியில் ஒரு ஆசிரியர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. 2019இல் ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசுப் பாடநூல் அமைப்பு) வரலாற்றுப் புத்தகத்திலிருந்து இந்த விஷயம் இருந்த அத்தியாயமே போய்விட்டது, அதற்கு அவர் முகம் வாடியதாகத் தெரியவில்லை.

தொடங்கியவள் மீண்டும்

தூத்தூர் அண்ணே, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பெரியம்மையைப் பற்றி எழுதும் முன்பு அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன், இருந்தாலும் நேற்று மறுபடி போய் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வேட்டி வரும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எழுது, ஒண்ணுமில்ல. எந்த அண்டி ஆபீஸுன்னு மட்டும் போட்டுராத” என்றாள். அப்புறம் நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, அந்த டாக்டரம்மா என்றைக்கெல்லாம் இருப்பார் என்று ஒரு தாளில் எழுதித்தரச் சொன்னாள். தனக்கு அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை தல்லுகிறவளுக்கு.